கட்டைவிரலுக்குப் பட்டை வைத்தியம்

எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. தெருவில் யாராவது தும்மினால்கூட நின்று, "இதுக்கு நீங்க வீட்ல இன்னா சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிடுவேன். என் பெண்சாதி இதையே ஒரு வியாதி என்பாள். "ஊர்ல இருக்கிற நோவுக்கெல்லாம் மருந்து கீது, உன் வாய்க்குத்தான் இல்ல" என்பாள். அவளுக்கு நாக்கு அப்படி. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் மறுநாள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து, படுத்துக் கிடந்த தோல் வியாபாரம் எழுந்து உட்கார்ந்த வருஷங்கள் அவை. ஆம்பூரில் பாலாற்றுக் கரைப் பக்கம் தோல் பதம் பண்ணுகிற ஒரு ஷாப்பில் எனக்கு வேலை. எங்கள் தெருவில் தமிழும் உருதும் கொஞ்சம் தெலுங்கும் புழங்கும். அதனால் ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் மூன்று பாஷையில் மருந்து வரும். எங்கள் வீட்டில் நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்போம். எதிர் வீட்டு சாயபு அம்மா இஞ்சிச் சாற்றில் தேனைக் குழைத்து நாக்கில் தடவச் சொல்வார். கோடி வீட்டுத் தெலுங்குக்காரர் மிளகை நெய்யில் வறுத்து மெல்லச் சொல்வார். ஒரு தடவை மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தேன். சளி போய்விட்டது. எதனால் போனது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டேன். "அது போற நாளு வந்துச்சி, போச்சி. நீ ஏன் பேஜார் பட்றே?" என்று பெண்சாதி சொன்னாள்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் குடைந்தது. ஷாப்பில் தொட்டியில் போடுகிற சாமானும் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற சாமானும் பாதிக்குப் பாதி ஒன்று. ஆவாரம்பட்டையில்தான் ஆட்டுத் தோலை ஊறப் போடுவோம். அதே ஆவாரையின் பூவைக் காயவைத்து, உடம்புச் சூட்டுக்குக் கஷாயம் போட்டுக் குடிப்போம். பட்டைக்குப் பிறகு தோலுக்குக் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவோம். வீட்டில் மலச்சிக்கலுக்கும் ஈறு வீக்கத்துக்கும் கடுக்காயைத் தட்டிக் கொட்டையை எடுத்தெறிந்துவிட்டுப் பொடி பண்ணி வைத்திருப்போம். சுண்ணாம்பு தோலின் மயிரை உதிர்க்கும். அதே சுண்ணாம்பை மஞ்சளோடு குழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவோம். பச்சைத் தோலை அழுகாமல் கெட்டிப்படுத்துகிற கடுக்காய் என் குடலுக்குள் போய் இன்னா வேலை செய்யும்? இது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

தெரிந்துகொள்ள ஒரு வழியும் பண்ணினேன். ஷாப்பிலிருந்து பச்சைத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கடுக்காய்க் கஷாயத்தில் ஊறப் போட்டேன். ஊறப் போட எடுத்தது ரசம் வைக்கிற சட்டி என்பது எனக்குத் தெரியாது. பெண்சாதி சட்டியைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டு, என்னை அன்றைக்குப் பூராவும் பட்டினி போட்டாள். நியாயம்தான். ஆனால் அந்தத் துண்டு கெட்டிப்பட்டிருந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அது எனக்கு இன்னும் வருத்தம்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நான் ரகம் பிரிக்கிறவன். பதமாகிக் காய்ந்து வந்த தோலை மேஜையில் விரித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம், கழிவு என்று சொல்ல வேண்டும். தோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓட்டினால், எங்கே தடிப்பு, எங்கே மெலிசு, எங்கே உண்ணி கடித்த புள்ளி, எங்கே உரிக்கும்போது கத்தி பட்டது என்று எல்லாம் தெரிந்துவிடும். கண்ணை நம்பக் கூடாது. வெயிலில் ஒரு நிறம், மேகம் போட்டால் வேறு நிறம். அதனால் எங்கள் ஷாப்பில் ரகம் பிரிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டுதான் கடைசி வார்த்தை சொல்வான். அப்படி ஒரு வழக்கம். நான் சொன்ன ரகத்தை நம்பித்தான் சரக்கு ரயிலேறிப் பட்டணத்து மண்டிக்குப் போகும். அந்த இரண்டு விரலும்தான் என் வீட்டுச் சோறு.

மார்கழி பிறந்தால் அந்த விரல்களுக்குக் கேடு வரும். பனிக்காற்று ஒரு பக்கம். காய்ந்த தோலைத் தடவித் தடவி விரலில் இருக்கிற பசை போய்விடுவது இன்னொரு பக்கம். நுனி வெடித்து ரத்தம் கசியும். உப்பு பட்டால் உயிர் போகும். அந்த வருஷம் வெடிப்பு ஜாஸ்தி. சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் வேண்டும் என்று கேட்டு, "இன்னா, துரையாய்ட்டியா?" என்று பெண்சாதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேலி பண்ணினாலும் அவள்தான் மருந்து போட்டாள். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள். வேப்பெண்ணெய் போட்டாள். வெண்ணெய் போட்டாள். எதிர் வீட்டிலிருந்து தேன்மெழுகு வாங்கி நல்லெண்ணெயில் உருக்கிக் களிம்பு பண்ணினாள். எல்லாம் கேட்கத்தான் கேட்டது. சிக்கல் என்னவென்றால், ரகம் பிரிக்கிறவன் கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவேன். அப்படியும் வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் கசிந்து, தோலில் கறுப்பாய் விரல் அடையாளம் விழும். மஞ்சளோ கேட்கவே வேண்டாம். ஒரு நாள் எங்கள் முதலாளி, அவர் உருது பேசுகிற பெரிய சாயபு, ஒரு முதல் ரகத் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்பா, மண்டிக்கு உன் கைநாட்டு வெச்சி அனுப்புறியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

எண்ணெய் ஆகாது என்றால் எண்ணெய் இல்லாத மருந்து வேண்டும். அதைத் தேடித்தான் தொட்டிப் பக்கம் போய் ஆட்களின் கைகளைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தொட்டி ஆட்களின் கை பார்க்கச் சகிக்காது. விரல் இடுக்கில் எல்லாம் ஓட்டை ஓட்டையாய்த் தின்றிருக்கும். பட்டைத் தொட்டி ஆட்களின் கையில் ஒரு வெடிப்புகூடக் கிடையாது. முழங்கை வரைக்கும் காவி நிறமாய், வழவழவென்று இருந்தது. அங்கே எனக்கு ஒரு தோஸ்த் உண்டு. "உனக்குப் பனி வெடிப்பு வராதா?" என்றேன். அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வந்ததில்ல. ஏன் வர்லன்னு நீதான் சொல்லணும்" என்றான்.

எனக்கு அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மருந்து எங்கேயோ இல்லை, காலடியில் தொட்டி தொட்டியாய்க் கிடக்கிறது. பட்டைத் தண்ணீரில் பதமான தோலைத் தொடுகிற கையில் பட்டைத் தண்ணீர் இருந்தால் கறையும் தெரியாது. இத்தனை வருஷம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வைத்தியத்தையும் முறைப்படி பண்ணினேன். தொழில் தெரிந்தவன் இல்லையா? பச்சைத் தோலை எடுத்தவுடன் கெட்டித் தண்ணீரில் போடக் கூடாது. முதலில் பழைய, சாரம் கம்மியான தொட்டி. பிறகு அதைவிடக் கெட்டி. கடைசியில்தான் நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்திறங்கிய புதுப் பட்டை ஊறுகிற தொட்டி. அதே வரிசையில் தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் அந்த இரண்டு விரலையும் ஊற வைத்தேன். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரும் காட்டினேன். ஆட்டுத் தோலுக்கு எப்படியோ அப்படியே, ஒரு படி தவறாமல். தோஸ்த் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே, "முடிஞ்சதும் கயித்துல மாட்டிக் காயப்போட்றதா?" என்று கேட்டான். இவனுக்கு ஆராய்ச்சி என்றால் இன்னா தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெடிப்பு மூடிக்கொண்டது. பொய் சொல்லவில்லை, அப்படியே மூடிக்கொண்டது. தைமாதக் காற்றில் மற்றவர்கள் கையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருக்க, நான் விரலை நீட்டி நீட்டிக் காட்டினேன். அடுப்பில் கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைத்தேன். பெண்சாதி பதறிப்போய், "சுடலியா?" என்றாள். "சுடல" என்றேன் பெருமையாக. அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனி இரண்டும் கருங்காவியாய், நகம் எது தோல் எது என்று தெரியாத மாதிரி இருந்தது. அவள் நகத்தால் கிள்ளினாள். "வலிக்கிதா?" என்றாள். நான் இல்லை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் மேஜையில் கண்ணை மூடிக்கொண்டு தோலின் ஓரத்தை விரலில் பிடித்து ஓட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தோல் என் விரலிடையே ஓடுகிறது என்பதே, மறு கையில் அது இழுபடுவதை வைத்துத்தான் தெரிந்தது. வேறு தோலை எடுத்தேன். அதுவும் அப்படியே. கண்ணைத் திறந்து பார்த்தால் நான் ஓட்டிய ஓரத்திலேயே பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அது என் விரலுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் சோதனை பண்ணினேன். பெண்சாதி ஒரு தட்டில் கடுகும் இன்னொன்றில் கேழ்வரகும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. அரிசியும் நொய்யும் ஒன்றாக இருந்தது. அதே கேழ்வரகைப் புறங்கையில் கொட்டினால் தெரிகிறது, மணிக்கட்டில் தெரிகிறது, உதட்டில் ஒற்றைக் கடுகுகூடத் தெரிகிறது. உடம்பில் எந்த இடத்துக்கு எவ்வளவு தெரியும் என்று ஒவ்வொரு இடமாய் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இவ்வளவு வேடிக்கையான விஷயமாக இருக்கிறதே என்று அந்தப் பயத்திலும் தோன்றியது. "பொழப்பு போற எடத்துல உனக்கு வெளையாட்டு" என்று அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சில நாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ரகம் சொல்லிப் பார்த்தேன். இடது கை விரலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மணிக்கட்டால் தடவிப் பார்த்தேன். முழங்கையை மடக்கிக்கொண்டு மேஜையில் தேய்க்கிறவனை யார் கவனிக்காமல் இருப்பார்கள்? ஒரு மத்தியானம் முதலாளி வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நானே முந்திக்கொண்டு, ஏதோ பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"மொதலாளி, ஒரு தடவ பதமான தோலு திரும்பவும் பச்சத் தோலா ஆவுமா?"

அவர் சிரித்தார். "ஆச்சின்னா அப்புறம் நம்ம தொழிலு ஏது? செருப்பு மழைல நனைஞ்சா ஆடாய்டுமா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கையக் காட்டு" என்றார்.

காட்டினேன். நடந்ததைக் கேட்டார், சொன்னேன். எந்தெந்தத் தொட்டி, எந்த வரிசை என்று அவரும் ஒவ்வொன்றாக விசாரித்தார். கேட்டு முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு அறிவு கம்மின்னு சொல்லமாட்டேன். ஜாஸ்தியாப் போச்சு" என்றார். அன்றைக்கே மேஜையில் தன் மைத்துனரை உட்கார வைத்தார். "ரம்ஜான் முடிஞ்சி அடுத்த சரக்கு ஏறும். அதுக்குள்ள கை வந்துட்டா மேஜ உன்னுது. வர்லன்னா சுண்ணாம்புத் தொட்டிலதான் எடம் கீது. உன்ன வெளிய அனுப்பமாட்டேன், ஆனா குருட்டுக் கைய நம்பி நான் சரக்கு ஏத்த முடியாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுண்ணாம்புத் தொட்டி. அந்த ஆட்களின் விரல் இடுக்கு என் கண் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் சொன்னேன். பதமான தோல் திரும்பாது என்று முதலாளியே சொல்லிவிட்டார் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது செத்த ஆட்டுத் தோலு. நீ உசுரோடதானே கீறே? அடியில புதுசு வர்றது உனக்குத் தெரியாதா? குழந்தைக்கு முட்டில தோலு போனா வர்றதில்ல?"

இத்தனை பேரிடம் இத்தனை கேள்வி கேட்ட எனக்கு இது தோன்றவில்லை. தொழில் மூளையில் ஏறி உட்கார்ந்துகொண்டதில், என் கையையே சரக்காக நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வைத்தியம் அவள் கைக்குப் போய்விட்டது. சோறு வடித்த கஞ்சியை இளஞ்சூட்டில் வைத்து அதில் விரலை ஊறப் போடச் சொன்னாள். பிறகு நல்லெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினாள். அவ்வளவுதான். மேஜை வேலை இல்லாததால் எண்ணெய்க்குத் தடையும் இல்லை. நான் விடுவேனா? எலுமிச்சம்பழம் தேய்த்தால் பட்டைக் கறை வெளுக்கும், தவிட்டுத் தண்ணீரில் போட்டால் தோல் இளகும், நான் ஷாப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன், செய்யட்டுமா என்றேன். கரண்டியை ஓங்கினாள். "ஒண்ணும் போடாத. பாக்காத. கிள்ளாத. சும்மா இரு" என்றாள்.

சும்மா இருப்பதைப் போல எனக்குக் கசந்த மருந்து எதுவும் இல்லை. வேப்பங்கொழுந்தைக்கூட ஒரு பிடி மென்றுவிடுவேன். ஷாப்பில் எனக்குத் தோல் அடுக்கிக் கட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். துணி சுற்றிய கையோடு கட்டிக்கொண்டே, மைத்துனர் மேஜையில் தப்புத் தப்பாக ரகம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்க முடியாது. திறந்தால், உன் விரல் இன்னா சொல்லுது என்று கேட்பார்கள். ரம்ஜான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. பெருநாள் பிறையைப் பற்றி முதலாளி வீட்டில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்பேன். துணியை அவிழ்த்துப் பார்த்தால் அதே கருங்காவி. நகத்தோரம் மட்டும் தோல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அப்பளத்து ஓரம் மாதிரி நின்றது. அதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று கை அரிக்கும். அவள் அதை மோப்பம் பிடித்தவள் போல எங்கிருந்தாவது குரல் கொடுப்பாள்.

நோன்பு முடிகிற சமயம். ஒரு காலையில் பல் விளக்கிவிட்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். துணியோடு சேர்ந்து கட்டைவிரல் தோல் ஒரே துண்டாகக் கழன்று வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, சத்தியமாக. அடியில் விரல் சிவந்துபோய், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் இருந்தது. ஆள்காட்டி விரலில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததும் தொட்டவுடன் உதிர்ந்துவிட்டது. காற்றுப் படுவதே கூசியது.

கழன்ற துண்டைத் துணியிலிருந்து எடுத்தேன். எடுத்த விரல்கள் தாமாகவே அதன் ஓரத்தைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டேன். மூட வேண்டும் என்று நினைத்து மூடவில்லை, அது அத்தனை வருஷத்து வழக்கம். ஓரம் தடிப்பு. நடுவில் மெலிசு, ஒரே சீராய் இல்லை. குறுக்கே மேடு தட்டின ஒரு கோடு, எப்போதோ கத்தி பட்டது. நுனியில் ஊசி முனையளவு ஒரு ஓட்டை.

"கழிவு" என்றேன்.

உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், "இன்னா கழிவு?" என்று கேட்டாள்.

"என் தோலு" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்த துண்டையும் அடியிலிருந்த சிவந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. மொதல் ரகமா இருந்தா உன் மொதலாளி அதயும் ரயில்ல ஏத்தியிருப்பாரு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் குரல் உடைந்துவிட்டது.